விருந்தாளி வந்தால் தண்ணீர் வரும்

எங்களை ஏழைகள் என்று முதன்முதலில் எழுத்தில் ஒப்புக்கொண்டது சர்க்கார்தான். அதற்கு முன்பு நாங்கள் சும்மா கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூரில் ஜோகுபாளையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பொட்டல் நிலத்தில் எங்கள் குடிசை வரிசை இருந்தது. பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். ஆண்கள் பட்டாளத்துக் கிடங்குகளில் வேலை செய்தார்கள், பெண்கள் கன்டோன்மென்ட் பங்களாக்களில் பாத்திரம் கழுவினோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. நான் ஏழாவது வரை படித்தவள். அந்த வரிசையில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒரு நாள் காலை ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். வீட்டு வசதி ஆபீஸ் என்றார். கன்னடக்காரர், தமிழும் பேசுவார், இரண்டையும் கலந்து ஒரு தோசை மாவு பதத்தில் பேசுவார். "ஏழைகளுக்கெல்லாம் சர்க்கார் மனெ கொடுக்கப்போவுது" என்றார். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. தமிழில் மனை என்றால் வீடு கட்டாத காலி நிலம். அவர் சொன்னது கன்னடம், நாங்கள் கேட்டது தமிழ். ரொம்ப நாளைக்கு எங்கள் தமிழ்தான் சரியாக இருந்தது.

இரண்டு வரிசை நிறைய வீடு வரும், ஆனால் முதலில் ஒரே ஒரு மாதிரி வீடு கட்டுவோம், அதைப் பெரியவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும் என்று விளக்கினார். அந்த மாதிரி வீட்டில் வைக்க அவருக்கு ஒரு மாதிரிக் குடும்பம் வேண்டியிருந்தது. குடிசை குடிசையாகக் குனிந்து பார்த்தார். இருமுகிறவர்கள் கூடாது. கட்டிலில் படுத்த படுக்கையாக யாரும் கூடாது. பிள்ளைகள் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரி எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் நல்லது. சுருக்கமாகச் சொன்னால், ஏழையாக இருக்க வேண்டும், பார்க்க ஏழையாக இருக்கக் கூடாது.

எனக்கு எதிர்க் குடிசையில் ஓர் அக்கா இருந்தாள். கோலார் தங்க வயலில் சுரங்க வேலை பார்த்த புருஷன் நெஞ்சில் தூசு ஏறிச் செத்துப்போக, ஐந்து பிள்ளைகளோடு இங்கே வந்து சேர்ந்தவள். எல்லோருக்கும் அவள் கோலார் அக்கா. அதிகாரியின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் நாயம் இது? அஞ்சு புள்ள இருக்குறவளுக்குத்தானே வீடு பெருசா வேணும்? ரெண்டு புள்ளக்காரிக்குக் குடுக்குறீங்களே?"

"அது ரூல்ஸ் அம்மா. நான் ஏன் மாடலி?" என்றார் அவர். நான் என்ன செய்ய என்பதைக் கன்னடத்தில் சொன்னால் பொறுப்பும் கன்னடத்துக்குப் போய்விடும் என்று நினைத்தார்போல.

ஆக, நாங்கள் தேர்வானோம். நான், என் வீட்டுக்காரர், ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். நான்கே மாதத்தில் பொட்டலின் நடுவே ஓட்டுக் கூரை போட்ட அந்த வீடு தனியாக எழும்பி நின்றது. முன்னறை, பின்னறை, சமையலுக்கு ஒரு மூலை, அந்த மூலையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். கோலார் அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாதிரி வீடுன்னா இன்னாம்மே அர்த்தம்? வீடு மாதிரி இருக்கும், வீடு இல்ல, அதானே?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

சாமான்களை உள்ளே வைத்த அன்றே குழாயைத் திறந்தேன். பெருமூச்சு விடுவதுபோல் புஸ்ஸென்று காற்று வந்தது. பின்னாலேயே நாலைந்து எறும்புகள் வந்தன. தண்ணீர் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். குழாய் சுவருக்குள்ளே ஏறி, கூரைக்கு மேல் வைத்திருந்த ஓர் இரும்பு டிரம்மில் போய் முடிந்தது. டிரம்முக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்குச் சுவரிலும் பதில் இல்லை, தரையிலும் இல்லை. பெரிய பைப் ஓல்டு மெட்ராஸ் ரோட்டோடு போயிற்று. எங்கள் பக்கம் ஒரு சாண் பைப்கூடப் புதைக்கவில்லை.

அதிகாரியிடம் கேட்டேன். "வரும், வரும். லைன் சாங்ஷன் ஆகணும். அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடம்மா" என்றார். அட்ஜஸ்ட் என்பது எனக்குப் புதிதல்ல. ரோட்டைத் தாண்டி அரை மைல் தள்ளி இருந்த பொதுக் குழாய்க்குக் குடத்தோடு போய்வந்தேன். குடிசையிலிருந்து போனதைவிட இப்போது இருபது தப்படி கூடுதல்.

அதிகாரி போகும் முன் சில உத்தரவுகள் போட்டுவிட்டுப் போனார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. விறகு எரித்தால் வெள்ளையடித்த சுவர் கறுத்துவிடும், ஆகவே சமையலை வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் புகையில்லா அடுப்பு பார்க்கிறவர்களுக்காக மட்டும். சாமி படம் எதுவும் வேண்டாம், தேசத் தலைவர் படம் அவரே கொண்டுவந்து மாட்டுவார். முன்னறையில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகம் வைத்தார். நூலில் கட்டிய பென்சில் ஒன்று அதில் தொங்கியது. வருகிற பெரியவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுத. நாங்கள் எழுத அல்ல.

திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரி வந்தார். அன்று விடிந்ததும் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் கூரைமேல் ஏறி டிரம்மை நிரப்பிவிட்டு, மாலைகளும் மேளமும் வருவதற்குள் மறைந்துபோனார்கள். மந்திரி நாடா வெட்டினார், உள்ளே வந்தார், குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அதில் கையைக் கழுவினார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்படியே எங்களைக் கைகழுவிவிட்டுப் போய்விட்டார் என்பது பிறகுதான் புரிந்தது. புத்தகத்தில் மட்டும், "தொழிலாளியின் வீட்டில் குழாய் நீர் பாய்வதைக் கண்டேன்" என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கார்கள் போன பிறகு குழாயை மறுபடி திறந்து பார்த்தேன். டிரம்மில் பாதிக்கு மேல் இருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். கோலார் அக்கா இரண்டு குடத்தோடு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுக்க வந்தது. அன்று எங்கள் மாதிரி வீட்டு வாசலில் நின்ற கூட்டம் திறப்பு விழாவுக்கு நின்றதைவிடப் பெரியது. டிரம் வறண்டதும் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஏம்மே, விருந்தாளி வந்தா தண்ணி வருது."

"ஆமா."

"அப்போ விருந்தாளிய வரவழைக்கணும். அவ்ளோதானே?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். அவள் பாத்திரம் கழுவிய பங்களாவின் அம்மாள் ஒரு மாதர் சங்கத்தில் இருந்தாள். "எங்க பக்கம் சர்க்கார் ஒரு வீடு கட்டிக்கீதும்மா, மந்திரியே வந்து பாத்துட்டுப் போனாரு, உங்கள மாதிரி பெரியவங்க பாக்க வேணாமா?" என்று அக்கா காதில் போட்டாள். பதினைந்து நாளில் மாதர் சங்கம் வந்தது. அதன் பிறகு நான் எழுத ஆரம்பித்தேன். கல்லூரிகளுக்கு எழுதினேன், பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு எழுதினேன், கோயில் சங்கம், சர்ச் சங்கம் எதையும் விடவில்லை. "மாதிரி வீட்டைக் காண வருமாறு பணிவன்புடன் அழைக்கிறோம், முன்கூட்டி ஆபீசுக்குத் தகவல் கொடுக்கவும்" என்று எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். ஆபீசுக்குத் தகவல் போனால்தான் லாரி வரும்.

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டை இத்தனை பேர் பார்க்கத் துடிக்கிறார்களே என்று பூரித்துப்போனார். மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பினார். வாரத்துக்கு இரண்டு லாரி, சில வாரம் மூன்று. எங்கள் வரிசைப் பெண்கள் துணி துவைக்கும் நாளையும் தலைக்கு ஊற்றும் நாளையும் வருகிற கோஷ்டிகளைக் கேட்டு முடிவு செய்தார்கள். "நாளான்னிக்கு காலேஜு பசங்க வராங்களா? அப்போ கம்பளிய நாளான்னிக்கு அலசிக்கலாம்" என்பாள் அக்கா.

வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் அம்மாள் ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டி, "காற்று வேண்டுமென்றால் இப்படித் திறக்க வேண்டும்" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாள். கூரையில் ஓட்டை உள்ள குடிசையில் வளர்ந்தவளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம். ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "வீடு வந்த பிறகு உங்கள் மனநிலையில் என்ன மாற்றம்?" என்று கேட்டாள். முதுகு வலிக்கிறது என்றேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. இன்னொருத்தி பின்பக்கம் கொதித்த கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு மூக்கைப் பொத்தினாள். அன்றிலிருந்து விருந்தாளி வரும் நாளில் கருவாடு கூடாது என்று இன்னோர் உத்தரவு வந்தது.

எல்லோரும் தவறாமல் குழாயைத் திறந்து பார்த்தார்கள், தண்ணீரில் விரல் நனைத்தார்கள், சிரித்தார்கள். நான் ஒவ்வொரு முறையும் சொம்பில் பிடித்து, "குடிக்கிறீங்களாம்மா?" என்று நீட்டுவேன். இத்தனை பேரில் ஒருவர் வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் தண்ணீரை மெச்ச முடிந்தவர்களுக்கு எங்கள் கையால் அதைக் குடிக்க மட்டும் தாகம் எடுக்கவில்லை.

கோடை வந்தபோது டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். நம் அதிகாரி மூன்று நாள் முன்பிருந்தே வந்து சுவரைத் தடவிப் பார்த்தார், பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தார். டில்லிக்காரர் உயரமானவர், நிதானமானவர். மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்டார். குழாயைக் காட்டி, தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்று இந்தியில் கேட்டார்.

நம் அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தண்ணி எப்போ வருது அன்னு கேக்குறாரு. எப்பவும் வருது அன்னு ஹேளம்மா, சொல்லு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் பிறந்து வளர்ந்தது சிவாஜிநகர் பக்கம், முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே. அவர்கள் பேசும் தக்கினி உருது எனக்கு விளையாட்டு வயதிலேயே வந்த பாஷை. நேரே டில்லிக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆப் ஆயே தோ பானி ஆத்தா சாப். ஆப் கயே தோ பானி பீ ஜாத்தா."

நீங்கள் வந்தால் தண்ணீர் வரும் ஐயா, நீங்கள் போனால் அதுவும் போய்விடும்.

கதவோரம் நின்ற என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. நம் அதிகாரியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வந்தது வரட்டும் என்று நின்றேன்.

டில்லிக்காரர் சிரித்தார். பிறகு கண் கலங்கினார். இரண்டு கையையும் கூப்பினார். விருந்தாளியோடு வளமும் வந்து போகிறது என்று ஓர் ஏழைப் பெண் எவ்வளவு அழகாகச் சொல்கிறாள், இந்தப் பண்பாடு டில்லியில் இல்லை என்று உருகினார். மேசைக்குப் போய்ப் பென்சிலை எடுத்து முக்கால் பக்கம் எழுதினார். அதைப் பின்னால் ஒரு மாணவியிடம் கொடுத்து அர்த்தம் கேட்டேன். குடிநீர் வசதி மிகச் சிறப்பு, அதைவிடச் சிறப்பு பயனாளிகளின் நன்றியுணர்ச்சி என்று இருந்ததாம்.

கார் கிளம்பியதும் நம் அதிகாரி திரும்பி ஓடிவந்தார்.

"ஏனம்மா, என் உயிரே போயிடுச்சு! ஆனா நல்லாச் சொன்னே. இனிமே யாரு வந்தாலும் அதையே ஹேளு."

உண்மையைச் சொன்னதற்கு அடி விழும் என்று பயந்திருந்தேன். அதை வரவேற்புரையாக ஆக்கிவிடுவார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்தபடி, "அவனுக்கு மட்டும் அர்த்தம் புரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பே?" என்று கேட்டார். "மறுபடியும் குடிசைக்குத் தண்ணி தூக்கியிருப்பேன். இருபது தப்படி மிச்சம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கோடை கொடுமையாக முற்றியது. ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். லாரி நின்றுபோனது, விருந்தாளிகளையும் நிறுத்திவைத்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பொதுக் குழாயில் ஒரு நாள் தள்ளுமுள்ளு. கோலார் அக்கா கீழே விழுந்து வலது கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போனால் பங்களா அம்மாள், கை சரியான பிறகு வா என்று அனுப்பிவிட்டாள். ஐந்து பிள்ளைகளோடு அவள் குடிசைக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் இருந்த அபிப்பிராயப் புத்தகத்தைப் பென்சிலோடு எடுத்தேன். துணிப்பையில் போட்டுக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்கு நடந்தேன்.

அங்கே ஓர் எஞ்சினீயர் இருந்தார். கன்னடத்தில்தான் பேசினோம்.

"உங்கள் பக்கம் பைப்பே இல்லையம்மா. சாங்ஷன் ஆகவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

"பைப் இல்லை என்று நிச்சயமாகச் சொல்கிறீர்களா சார்?"

"வரைபடம் என்னிடம் இருக்கிறது. ஒரு அடிகூட இல்லை."

புத்தகத்தை எடுத்து அவர் மேசைமேல் விரித்தேன். மந்திரியின் பக்கத்தைக் காட்டினேன். டில்லிக்காரரின் முக்கால் பக்கத்தைக் காட்டினேன். மாதர் சங்கம், கல்லூரி முதல்வர்கள், பாதிரிமார், எல்லோரும் குழாயில் தண்ணீர் பாய்வதைக் கண்ணால் கண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எஞ்சினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பைப் இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள் சார். மந்திரி எழுதியது பொய் என்றும் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தால் நான் போய்விடுகிறேன்" என்றேன்.

அவர் கதவை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"உனக்கு என்னதானம்மா வேண்டும்?"

"குடிசைப் பக்கம் ஒரு தெருக் குழாய்."

"புதுக் குழாய்க்கு என்னால் உத்தரவு போட முடியாது. ஏற்கெனவே தண்ணீர் வசதி உள்ள இடம் என்று மந்திரியே எழுதிவிட்டாரே! அங்கே புதிதாக எதற்கு என்று கேட்பார்கள்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அவர் நல்ல மனிதர், அவருக்கு மூளையும் இருந்தது. "பழுது என்று போடுகிறேன்" என்றார்.

அப்படித்தான் நடந்தது. இல்லாத பைப்பில் பழுது என்று காகிதத்தில் எழுதி, அந்தப் பழுதைச் சரிசெய்ய ஓல்டு மெட்ராஸ் ரோட்டிலிருந்து எங்கள் வரிசைவரை பள்ளம் தோண்டினார்கள். அந்த வேலை பன்னிரண்டு நாள் பிடித்தது. பெங்களூரில் அவ்வளவு நீளமான பழுது வேறெங்கும் இருந்திருக்காது. குடிசைகளின் முனையில் ஒரு தெருக் குழாய் நின்றது. காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வந்தது. முதல் குடத்தைக் கோலார் அக்காவின் மூத்த மகள் பிடித்தாள். அக்கா இடது கையால் ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, "இரும்பு நாத்தம் அடிக்குது" என்றாள். அவள் வாயில் அதுதான் பாராட்டு.

நம் அதிகாரிக்கு விஷயம் தெரிந்தபோது குதித்தார். சர்க்கார் புத்தகத்தை வெளியே கொண்டுபோனது குற்றம் என்றார். ஆனால் குற்றம் என்று எழுதினால் ஏன் கொண்டுபோனாள் என்பதையும் எழுத வேண்டுமே. எழுதவில்லை. மாதிரி வீட்டை வெற்றிகரமாக நடத்தியதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்து வேறு ஊருக்குப் போனார்.

மூன்று வருஷம் கழித்துச் சொன்னபடியே இரண்டு வரிசை வீடுகள் வந்தன. அதற்குள் விதிகள் பக்குவமாகியிருந்தன. விண்ணப்பிக்க நிரந்தர விலாசம் வேண்டும் என்றார்கள். குடிசை விலாசம் ஆகாது. ஆக, வீடு இல்லாதவர்களுக்கான வீட்டைக் கேட்க முதலில் ஒரு வீடு இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு ஆபீஸ் குமாஸ்தாக்கள் குடிவந்தார்கள். எங்கள் வரிசைக்கு எட்டு வீடுகள்தான் கிடைத்தன. மற்றவர்களுக்கு ஆனேக்கல் போகிற வழியில் எங்கோ காலி நிலம் தருவதாகச் சொன்னார்கள். வேலை இங்கே, நிலம் அங்கே. யாரும் போகவில்லை.

எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் மேஸ்திரி வேலை கிடைத்திருந்தது. நாங்கள் இனி ஏழைகள் அல்ல, வீட்டைக் காலி செய்யவும் என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது நல்ல சேதியா கெட்ட சேதியா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஜோகுபாளையத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்பக்க அறைக்கு வாடகைக்குப் போனோம்.

கோலார் அக்காவை நான் விடவில்லை. அவள் பெரிய பெண்கள் மூன்று பேருக்கும் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். மனு எழுதி, அவளை அழைத்துக்கொண்டு வீட்டு வசதி ஆபீசுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த அதிகாரி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார்.

"இப்போ ரெண்டு புள்ளைங்கதான் சார் கூட இருக்குது. உங்க ரூல்ஸ் படி நான் சரியா வந்துட்டேன்" என்றாள் அக்கா.

"ரெண்டு சரி. ஆனா குடும்பத்துக்குத் தலைவரா ஆம்பளை ஒருத்தர் வேணும். உங்க வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?"

"அவரு கோலாருல மண்ணுக்குள்ள கீறாரு சார். உயிரோட இருந்தப்பவும் மண்ணுக்குள்ளதான் இருந்தாரு. கையெழுத்து வேணும்னா நீங்கதான் போய் வாங்கியாரணும்."

அதிகாரி மனுவை மடித்து ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார். நாங்கள் வெளியே வந்தோம். அல்சூர் கடைத்தெருவில் பழைய தகரம் விற்கிறவனிடம் அக்கா நான்கு தகடு பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட்டை இல்லாததாகப் பொறுக்கினாள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவள் அந்த அதிகாரியைக் கன்னடத்திலும் தமிழிலும் தக்கினியிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டு வந்தாள். மழை தொடங்கும் முன் அந்தத் தகரத்தைக் குடிசைமேல் போட்டு, பறக்காமல் இருக்க நான்கு கல் வைத்தோம்.